நாற்பதுக்குப் பின் உபாத்தியாயர் ஆகலாமா?



நாற்பது வயதைக் கடந்த ஒருவர். கம்பெனியில் நல்ல உத்தியோகம். மாதம் பிறந்தால் தவறாமல் சம்பளம். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான தாயார், தீராத வீட்டுக் கடன். இப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், "இந்த வேலையை விட்டுவிட்டு வாத்தியாராகப் போகலாமென்று இருக்கிறேன்" என்று மெல்லச் சொல்கிறார். வீடே ஸ்தம்பித்துப் போகிறது. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் பக்கத்துக் குடும்பங்களில் இந்தப் பேச்சு அவ்வப்போது எழுவதுண்டு. இது சரியா, தவறா?

உறவினர் இரண்டு விதமாய்த் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஒரு சாரார், "புத்தி பேதலித்துவிட்டது" என்பார்கள். மறு சாரார், "எவ்வளவு பெரிய தியாகம்!" என்று புகழ்வார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்பு. ஒரு காரியம் கஷ்டமானது என்பதனால் மட்டும் அது புண்ணியமாகிவிடாது. வருமானம் குறைகிறது என்பதனால் மட்டும் மடமையாகியும் விடாது. ஆகவே சற்று நிதானமாய் ஆராய்வோம்.

முதலாவது, நடு வயதில் தொழிலை மாற்றுவதே குற்றமா? இல்லை. விவாகத்தில் கொடுத்த வாக்கும், குருப்பட்டத்தில் கொடுத்த வாக்கும் சாகும்வரை கட்டும். உத்தியோகம் அப்படிக் கட்டுவதில்லை. அது ஜீவனத்துக்கும் பிறருடைய நன்மைக்குமான வழி; வழியை மாற்றிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டு.

அர்ச். சூசை கலசான்சியார் ஸ்பெயின் தேசத்துக் குருவானவர். 1592-ம் ஆண்டில் அவர் ரோமாபுரிக்குப் போனது பள்ளிக்கூடம் நடத்துவதற்காக அல்ல. சபை உத்தியோகம் ஒன்றைத் தேடியே போனார். அங்கே ஏழைக் குடிகள் வசித்த திரஸ்தேவெரே என்ற பகுதியில், எழுத்தறியாமல் தெருவில் திரிந்த சிறுவர்களைக் கண்டார். 1597-ல் அந்தப் பகுதிக் கோவிலொன்றின் அறைகளில் கட்டணமில்லாப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 40. அதன் பின் ஐம்பது ஆண்டு, 1648-ல் இறக்கும்வரை, அதுவே அவர் வேலை. தேடி வந்த உத்தியோகம் ஒன்று. கிடைத்த வேலை மற்றொன்று. நாற்பதில் தொடங்கியதைக் காலம் கடந்தது என்று யாரும் சொல்லவில்லை.

நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒருவரையும் சொல்லலாம். தொழிலதிபர் சி. ராஜம் என்பவர் தம் வீட்டை விற்று, 1949-ல் இந்தக் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே விமானப் பொறியியல் பயின்றவர் அப்துல் கலாம். ராக்கெட்டு, ஏவுகணை என்று நாற்பதாண்டு உழைத்தவர், 2001-ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் பதவியை விட்டு, அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்தார். வயது 70. மறு ஆண்டே ஜனாதிபதி ஆனார். 2007-ல் அப்பதவி முடிந்ததும் மீண்டும் மாணவரிடமே திரும்பினார். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர் முன் பேசிக்கொண்டிருக்கையிலேயே சரிந்து விழுந்து உயிர் நீத்தார்.

ஆகவே மாற்றம் குற்றமல்ல, வயதும் தடையல்ல. ஆனால் விஷயம் இத்துடன் முடியவில்லை.

இரண்டாவது, குடும்பத்தின் உரிமை. கலாம் எம்.ஐ.டி.யில் சேர இடம் கிடைத்தும் கையில் பணமில்லை. அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒருவர் உயர்ந்த காரியம் செய்யப் புறப்படும்போது, அதன் செலவைப் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் மற்றொருவர் செலுத்துகிறார். அந்தச் சகோதரி மனமொப்பிக் கொடுத்தார். கேட்காமல் எடுத்திருந்தால் அது வேறு கதை.

நாற்பது வயதுக்காரர் விஷயமும் இதுவே. பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு வருஷம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வந்த பின், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க விரும்புவோர் தகுதித் தேர்விலும் தேறவேண்டும். அரசுப் பள்ளி வேலைக்கு வயது வரம்பும் உண்டு. தமிழ்நாட்டில் 2020-ல் அது 40 என்று விதிக்கப்பட்டு, பின்னர் தளர்த்தப்பட்டது. தனியார் பள்ளிகள் பலவற்றில் தொடக்கச் சம்பளம் எவ்வளவு என்பதை ஆசிரியைகளாயிருக்கும் நம் பங்குப் பெண்களைக் கேட்டாலே தெரியும். இரண்டு வருஷம் வருமானமின்றி, பிறகும் குறைந்த வருமானத்தில் குடும்பம் நடக்குமா? கோபுரம் கட்டப் புறப்படுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டாமா என்று நம் ஆண்டவர் உவமையாய்க் கேட்டது இதற்கும் பொருந்தும்.

அர்ச். அருளப்பர் தெ லசால் பிரான்சு தேசத்தில் ரேன்ஸ் பட்டணத்துத் தலைமைக் கோவிலில் மானியமுள்ள பதவி வகித்த செல்வந்தர். ஏழைப் பள்ளி உபாத்தியாயர்களிடம், தேவ பராமரிப்பை நம்புங்கள் என்று அவர் புத்தி சொன்னபோது, "உமக்கென்ன, மானியமும் சொத்தும் இருக்கின்றன" என்ற கருத்தில் அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதில் அவரைத் தைத்தது. 1683-ல் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் சொத்தையும் ஏழைகளுக்குக் கொடுத்தார். 1950-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். இது மகத்தான உதாரணம். ஆனால் குடும்பஸ்தர் இதை அப்படியே பின்பற்றக் கூடாது. லசால் கொடுத்தது தம்முடையது. தகப்பனுடைய சம்பளமோ தகப்பனுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. அதில் பிள்ளையின் படிப்பும் தாயாரின் மருந்தும் அடங்கியிருக்கின்றன. பிறருக்குச் சேரவேண்டியதைக் கொடுத்த பிறகுதான் தியாகம் தொடங்கும். ஆகவே மனைவியின் சம்மதம் ஒரு சடங்கன்று. "நீ சரியென்றால் செய்கிறேன், இல்லையென்றால் காத்திருப்பேன்" என்று மெய்யாகவே சொல்லக்கூடியவருக்கே புறப்பட யோக்கியதை உண்டு.

மூன்றாவது, பிள்ளைகளின் உரிமை. இதைத்தான் அதிகம் பேர் மறந்துவிடுகிறார்கள். "கம்பெனி வாழ்க்கை சலித்துவிட்டது, பிள்ளைகளோடு இருந்தால் மனசுக்கு நிம்மதி" என்கிறவர் உண்டு. பிள்ளைகள் நம் சலிப்புக்கு மருந்தா?

விட்கன்ஸ்டைன் என்னும் தத்துவ சாஸ்திரியின் சரித்திரம் இங்கே நினைக்கத் தக்கது. வியன்னா நகரத்துப் பெரிய கோடீசுவரரின் மகன். முதலாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பியதும் தம் பங்குச் சொத்தையெல்லாம் உடன்பிறந்தோருக்குக் கொடுத்துவிட்டார். முப்பது வயதில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இளைஞர்களோடு உட்கார்ந்து படித்து, 1920 முதல் ஆஸ்திரிய மலைக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராய் இருந்தார். உழைப்புக்குக் குறைவில்லை, பிள்ளைகளுக்காக ஓர் அகராதியும் தயாரித்தார். ஆனால் புத்தி மந்தமான பிள்ளையைக் கண்டால் பொறுமையிழந்து அடித்துவிடுவார். 1926-ல் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அவர் கொடுத்த அடியில் மயங்கி விழுந்தான். அத்துடன் அவர் வேலையை விட்டு விலகினார். பத்தாண்டு கழித்து, 1936-ல், அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப் போய், தாம் துன்புறுத்தியவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

சொத்தைத் துறந்தார், பெருமையைத் துறந்தார். கணக்குப் புரியாமல் விழிக்கும் ஒரு குழந்தையின் முன் கோபத்தை மட்டும் துறக்க முடியவில்லை. உபாத்தியாயர் வேலைக்குக் கடைசியில் கேட்கப்படுவது அந்தத் துறவுதான். இன்று பிள்ளைகளை அடிப்பதைச் சட்டமே தடுக்கிறது; ஆனால் ஏளனமான ஒரு சொல்லைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்? போதகர்களுக்குக் கண்டிப்பான தீர்ப்பு உண்டென்று அர்ச். யாகப்பர் எச்சரித்தது வீணுக்கல்ல.

நான்காவது, தாழ்ச்சி. இருபது வருஷ அனுபவம் உள்ளவர், "எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன், அவ்வளவுதானே" என்று நினைப்பார். தெரிவது ஒன்று, தெரிவிப்பது மற்றொன்று. இங்கிலாந்தில் லூசி கெல்லவே என்ற பத்திரிகை எழுத்தாளர், நடு வயதினரை ஆசிரியராக்க 2016-ல் மற்றொரு பெண்மணியுடன் சேர்ந்து ஓர் அமைப்பை ஏற்படுத்தி, மறு ஆண்டு தாமும் தம் 58-வது வயதில் லண்டன் பள்ளியொன்றில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். பெயரும் புகழும் உள்ளவர், தம் மகள் வயதுள்ள ஆசிரியைகளிடம் பாடம் நடத்தும் விதத்தைக் கற்றுக்கொண்டார். பின்னர் பொருளாதாரப் பாடத்துக்கு மாறினார். அர்ச். இஞ்ஞாசியாரும், போர்வீரராயிருந்து காயப்பட்டு மனந்திரும்பியவர், 1524-ல் தம் 33-வது வயதில் பார்சலோனாவில் சிறுவர்களோடு சேர்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். கற்பிக்க வரும் பெரியவர் முதலில் மாணவராக வேண்டும். இருபத்தாறு வயதுத் தலைமையாசிரியை தம் பாடக் குறிப்பைத் திருத்தும்போது முகம் சிவக்காதவரே வரட்டும்.

அப்படியானால் எப்படித் தீர்மானிப்பது? வேலையை விடுமுன் வேலையைச் சோதித்துப் பாருங்கள். பெருந்தொற்றுக்குப் பின் 2021-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தில், எத்தனையோ இல்லத்தரசிகள் மாலை நேரங்களில் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். வாரத்தில் இரண்டு மாலை, படிப்பில் பின்தங்கிய ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் சொல்லிக் கொடுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரே கணக்கை ஏழாவது முறை விளக்கும்போது உங்கள் உள்ளம் எப்படி இருக்கிறதென்று கவனியுங்கள். ஒரு வருஷம் சென்றும் ஆசை குறையாமல், குடும்பம் இணங்கி, கடனுக்கும் வழி பிறந்தால், தைரியமாய்ப் போங்கள். அந்த ஆசையைத் தேவ அழைப்பென்று நம்பலாம். வழி பிறக்கவில்லையானால் மனம் தளர வேண்டாம். குடும்பத்துக்காக விருப்பமில்லாத உத்தியோகத்தில் பொறுமையாயிருப்பதும் சர்வேசுரன் முன் சிறிய காரியமல்ல. மாலை வகுப்பை யாரும் உங்களிடமிருந்து பறிக்கப்போவதுமில்லை.

கடைசியாக, நம் எல்லாருக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைக்கு அறிவும் அன்பும் நிறைந்த ஆசிரியர் வேண்டுமென்று கேட்கிறோம். நம் வீட்டிலிருந்து ஒருவர் ஆசிரியராகப் போகிறேன் என்றால் தலையில் கை வைக்கிறோம். மாப்பிள்ளை வாத்தியார் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். அப்படியானால் அந்த நல்ல ஆசிரியர் யார் வீட்டிலிருந்து வரவேண்டும்? பள்ளி நடத்துவோருக்கும் இதில் பங்குண்டு, குருக்களும் கன்னியரும் உட்பட. தியாகம் என்ற பெயரைச் சொல்லி நியாயமான சம்பளத்தைக் குறைப்பவர், பிறருடைய தியாகத்தைத் தாம் திருடுகிறார். ஆசிரியர் தாமே கொடுப்பதுதான் தியாகம். அவரிடமிருந்து பிடித்துக்கொள்வது அநீதி.

ஆகையால் உங்கள் வீட்டில் ஒருவர் இந்த எண்ணத்தைச் சொன்னால், பரிகசிக்க வேண்டாம், அவசரப்பட்டுப் புகழவும் வேண்டாம். உட்கார வைத்து, கணக்கு நோட்டை எடுத்து, எல்லாருமாய்ப் பேசுங்கள். பிள்ளைகளும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். ஆசிரியர் என்பவர் எவ்வளவு அருமையானவர் என்பதை அவர்கள் அன்று வீட்டிலேயே கற்றுக்கொள்வார்கள்.

உங்கள் பங்குக் குரு.