கடலடியில் ஒரு சேமக்காலை

கல்முனையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் ஒரு சிறு பித்தளைத் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். சுழியோடியான அவரது நண்பர், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிக்கிடக்கும் 'ஹேர்மிஸ்' கப்பலைப் பார்த்துவிட்டு வந்து பரிசாகக் கொடுத்தாராம். "இதை நான் வைத்திருப்பது பாவமா?" என்பதே அவர் கேள்வி.

கேள்வி சிறிது, விஷயம் சிறிதல்ல. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் 'ஹேர்மிஸ்'. திருகோணமலைக்கு யப்பானிய விமானங்கள் வரும் என்ற எச்சரிக்கையால் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. அதன் விமானங்களோ கரையில் நின்றுவிட்டன. 1942 ஏப்பிரல் 9ஆம் திகதி முற்பகலில், காக்க ஒரு விமானமும் இன்றி, அது குண்டுவீச்சில் மூழ்கியது. கப்டன் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். அருகில் வந்த 'வீற்றா' என்ற வைத்தியக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் காப்பாற்றிற்று. கப்பல் இன்று 50 மீற்றருக்கும் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு விதித்த எல்லை 40 மீற்றர் என்பதையும் பெற்றோர் கவனிக்கவேண்டும்.

"எண்பது வருடம் கடந்துவிட்டதே, எலும்புகூட எஞ்சியிராது, துருப்பிடித்த இரும்புக்கு என்ன மரியாதை?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை வேறெங்கும் கேட்கலாம். எங்கள் கரையில் கேட்கலாகாது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமியில் இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை, 10,000க்கு மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் உடல் கிடைக்காத பிள்ளைகளின் தாய்மார் இருக்கிறார்கள். மையவாடியிலோ சேமக்காலையிலோ அவர்களுக்குக் காட்ட ஓர் இடமில்லை. அந்தத் தாய் கடலைப் பார்த்து நிற்கும்போது, "அங்கே எலும்புகூட இராது" என்று சொல்ல யாருக்கு நா எழும்? போர்ட்ஸ்மவுத்தில் 1942இல் காத்திருந்த தாயும் தாய்தான்.

அப்படியானால் சுழியோடுவதே தவறா? நான் அப்படிச் சொல்லேன். சேமக்காலைக்குப் போகிறவனை யாரும் குற்றஞ்சொல்வதில்லை. கல்லறைச் சிலுவையைப் பெயர்த்துக்கொண்டு போகிறவனைத்தான் சொல்வோம். "ஒரு துண்டுதானே" என்பதும் பொருந்தாது. 1942 பெப்ரவரியில் யாவாக் கடலில் மூழ்கிய ஒல்லாந்தர் போர்க்கப்பல்களைத் தேடி 2016இல் சுழியோடிகள் போனார்கள். இரண்டு கப்பல்கள் முழுதாகவே காணாமற்போயிருந்தன. மணலில் பள்ளம் மட்டும் கிடந்தது. பழைய இரும்புக்காகக் கப்பலையே அள்ளிச் சென்றுவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பிள்ளைகளின் பசிக்காக இரும்பை வெட்டி விற்கும் ஏழையைவிட, வீட்டு அலுமாரியில் அழகுக்கு வைக்க ஒரு துண்டை எடுக்கும் வசதிக்காரரே எனக்குக் கூடுதலாக உறுத்துகிறார். ஏழைக்கு வயிறு சாட்சி சொல்லும். இவருக்கு யார் சொல்வது? சட்டமும் இவர் பக்கம் இல்லை: மூழ்கிய போர்க்கப்பல் அதை அனுப்பிய நாட்டுக்கே உரியது என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட வழக்கம்.

இளைஞரிடம், "வைத்திருக்கவேண்டாம்" என்றேன். "நண்பனிடமே கொடுத்து, திரும்பக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அதுவும் வேண்டாம், ஒரு பித்தளைத் துண்டுக்காக அந்த ஆழத்தில் இன்னொரு தாயின் பிள்ளை தவறிவிடக்கூடாது. அந்தப் பக்கம் தொழிலுக்குப் போகும் தோணிக்காரர் யாரிடமாவது சொல்லி, கப்பல் கிடக்கும் இடத்திற்கு நேரே நின்று மேலிருந்தே விட்டுவிடச் சொன்னேன். மீனவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும்.