கரண்ட்டைக் கண்டவர் யார்?

"கம்பியில் ஓடுகிற கரண்ட்டைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஆனாலும் இருக்கிறதே! கடவுளும் அப்படித்தான்." ஆன்மிக மேடைகளில் இந்த வாதத்துக்குக் கைத்தட்டல் நிச்சயம். "ஸ்விட்சைப் போட்டால் பல்பு எரிகிறது. கடவுளுக்கு ஸ்விட்ச் எங்கே?" என்று எதிர்த்தரப்பும் மடக்கும். கரண்ட்டை அளப்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று இரு தரப்பும் கேட்பதில்லை.

அவர் மின்சாரம் போகும் வழியில் ஒரு சிறிய ரெசிஸ்டரை வைக்கிறார். அதன் மின்தடை 1 மில்லி ஓம் என்று கொள்வோம். 10 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைகளுக்கும் இடையே 10 மில்லி வோல்ட் தோன்றும். அந்தத் துளி மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபையர் 50 மடங்கு பெருக்கி அரை வோல்ட்டாக்கும். திரையில் "10 ஆம்பியர்" என்று எண் தெரியும். அளந்தது என்னவோ மின்னழுத்தத்தைத்தான். 1827-ல் ஓம் வெளியிட்ட விதியைக் கொண்டு கரண்ட் ஊகிக்கப்பட்டது. செல்போன் பேட்டரியின் சதவீதக் கணக்குக்குப் பின்னாலும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

இந்த ஊகத்தின் இலக்கணம் தமிழுக்குப் பழசு. மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். மலையில் புகை தெரிகிறது; அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டிருக்கிறோம்; ஆகவே மலையில் நெருப்பு உண்டு. அதோடு அவர் நிறுத்தவில்லை. ஊகம் எங்கெல்லாம் சறுக்கும் என்றும் பட்டியலிடுகிறார். ஆவியா, பனியா என்ற சந்தேகம் தீராமலே புகை என்று முடிவுகட்டி நெருப்பை நிலைநாட்டுவது அந்தப் பிழைகளில் ஒன்று.

சர்க்யூட் போர்டிலும் பனி உண்டு. உள்ளே எதுவும் வராதபோதே ஆம்ப்ளிஃபையர் தன் பங்காக உள்ளீட்டில் 10 மைக்ரோ வோல்ட் இருப்பதாகக் கொண்டால், இல்லாத 10 மில்லி ஆம்பியர் கணக்கில் ஏறிவிடும். ஈயப் பற்றின் மின்தடையும் ரெசிஸ்டரோடு சேர்ந்துகொள்ளும். அதைத் தவிர்க்கத்தான் கரண்ட்டுக்கு இரண்டு, அளவுக்கு இரண்டு என நான்கு முனை இணைப்பு. செம்பு 10 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். அதனால் மாங்கனின் போன்ற உலோகக் கலவைகளை நாடுகிறார்கள். ரெசிஸ்டரின் மின்தடையைக் கூட்டினால் முதல் இரண்டு ஐயங்கள் குறையும், ஆனால் சூடும் மின்னிழப்பும் ஏறும். அளக்கப்படுவதைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யாமல் இந்த முறையில் அளக்க முடியாது. கம்பியைத் தொடாமல் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் செய்வதும் ஊகமே.

பின் எந்தத் துணிவில் நம்புகிறார்கள்? கரண்ட்டை நிறுத்தினால் எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஹால் சென்சாரும் ரெசிஸ்டரும் தனித்தனியே ஒரே விடையைத் தருகின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள். கரண்ட்டை நம்புவது அது கண்ணுக்குத் தெரியாததால் அல்ல. பொய்யாகியிருக்கக்கூடிய சோதனைகளில் அது தேறியதால் நம்புகிறார்கள். மேடைப் பேச்சாளர் இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்.

"கண்ணால் கண்டதை மட்டுமே ஏற்பேன்" என்பவருக்கும் தப்பிக்க வழியில்லை. மணிமேகலைக் காப்பியத்தில் பூதங்களே எல்லாம் என்னும் பூதவாதி அப்படித்தான் சொல்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். அவன் கட்சியில் அம்மீட்டருக்கும் இடமில்லை.

சைவ சித்தாந்தம் இன்னும் எச்சரிக்கையானது. அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார், காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது) இரண்டோடு உரை (நம்பத்தக்க சொல்) என்பதையும் மூன்றாவது அளவையாக வைக்கிறது. கடவுள் விஷயத்தில் ஆகமத்தின் சொல்லும் வேண்டும். பொறியாளரும் சொல்லை நம்புகிறவர்தான். ரெசிஸ்டர் 1 மில்லி ஓம் என்பது தயாரிப்பாளரின் டேட்டாஷீட் தரும் வாக்கு. அந்த வாக்கில் ஐயம் வந்தால் அளவுச்சோதனைக் கூடங்கள் வழியாக, புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் காக்கும் படித்தரம் வரை போய்ச் சரிபார்க்கலாம். ஆகமத்தின் வாக்கில் ஐயம் வந்தால், சித்தாந்தி குருவையும் தீட்சையையும் சொந்த அனுபவத்தையும் காட்டுவார். அந்த அனுபவத்துக்குப் பூஜ்யம் பார்க்கும் சோதனை உண்டா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.