மறைத்தலும் மடிப்பும்

ஆண்டவனுடைய அருள் எல்லா உயிர்களிடத்தும் ஒப்ப நிற்குமானால், ஒருவன் வாழ்வில் அது வெளிச்சமாகவும் மற்றொருவன் வாழ்வில் இருளாகவும் ஏன் தோன்றுகிறது என்ற வினா சித்தாந்திகளுக்குப் பழையது; ஒரே சூரியன் முன்னே ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று மொட்டாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது, சூரியனிடத்தில் பேதமில்லை என்பது அவர்கள் தரும் விடை. இளமை முதல் கேட்டுவந்த இந்த உவமை என் மனத்தில் தைத்தது, சுபாங் ஜெயாவில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் இணைய இணைப்பு நின்றுபோன ஒரு நாளின் பிற்பகலில்தான்.

ஒருகாலத்தில் சீபீல்டு தோட்டமாக இருந்து, 1976-இல் நகராக எழத் தொடங்கிய இவ்வூர், மலேசியாவில் கண்ணாடி இழை வீடு தேடி வந்த முதல் இடங்களுள் ஒன்று. அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 2008-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, 1,130 கோடி ரிங்கிட் மதிப்புள்ள இந்த இழைத் திட்டத்தில் 240 கோடியை அரசாங்கம் ஏற்றது. 2010 மார்ச்சில் யூனிஃபை என்னும் இழைவழி இணையச் சேவை தொடங்கியபோது ஷா ஆலம், பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் ஆகியவற்றோடு சுபாங் ஜெயாவும் முதல் வரிசையில் நின்றது. ஆயினும் வாசல்வரை வந்த ஒளி மாடி ஏறத் தயங்கிற்று. உயர்ந்த கட்டடங்கள் பலவற்றில் இழை கீழ்த்தளத்து அறையோடு நின்றுவிட, அதற்குமேல் பழைய தாமிரக் கம்பியே ஊழியம் செய்தது. செலவு இழையில் அன்று, சுவரைத் துளைப்பதிலும் ஆட்கூலியிலும் இருந்தது.

அச்செலவைச் சுருக்கும் உபாயம் பங்கீடு. வீட்டுக்கு ஓரிழையாகத் தொலைபேசி நிலையத்திலிருந்து இழுக்காமல், ஒன்றையே கட்டடத்துக்குள் கொணர்ந்து, கீழே நான்காகவும் மாடிகளில் அவை ஒவ்வொன்றையும் எட்டாகவும் பிரித்தால் 32 வீடுகளுக்குப் போதும். பிரிக்கும் சாதனத்துக்கு மின்சாரமும் வேண்டாம். ஆனால் இரண்டாகப் பிரியுந்தோறும் ஒளி பாதியாகிறது. முப்பத்திரண்டும் பிரிந்து முடிகையில் ஏறத்தாழ 17 டெசிபல் குறைந்திருக்கும். ஜிபான் என்னும் இம்முறையில் பெருவழக்கான வகுப்பு 28 டெசிபல் வரை இழப்பைத் தாங்கும். ஆச்சரியம் யாதெனில், இழப்பு 13-க்குக் குறைந்தாலும் ஆகாது. மிகுந்த ஒளியால் கருவி திகைத்துவிடும் என்று, ஒளியை மெலிவிக்கும் துண்டொன்றை வேண்டுமென்றே இடையில் செருகுவார்கள்.

இறைவனின் ஐந்தொழில்களுள் மறைத்தல் ஒன்றுதான் எனக்கு நெடுநாள் விளங்காதிருந்தது. அருளே வடிவானவன் தன்னை ஏன் மறைக்க வேண்டும்? பக்குவமடையாத உயிர் பேரொளியை ஏற்கமாட்டாது. ஆகவே உலக அனுபவத்தில் அது முதிரும்வரை திரோதான சக்தி திரையிட்டு நிற்கிறது, அம்மறைப்பும் கருணையே என்று சாஸ்திரம் கூறுவதை, விரல்நுனி அளவுள்ள அந்தத் துண்டு எனக்கு உணர்த்திற்று. உவமைக்கு எல்லை உண்டு: இழையின் ஒளி பங்கிடப் பங்கிடக் குறையும், பரம்பொருளின் வியாபகத்துக்குப் பங்குமில்லை, குறைவுமில்லை. எனினும், நிலையத்திலிருந்து இறங்கும் செய்தி முழுவதும் 32 வீட்டுக் கருவிகளையும் ஒன்றுபோல அடைய, ஒவ்வொன்றும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது என்னும் அளவில், சூரியன் முன் நின்ற தாமரைகளே இவை.

அன்று பழுது பார்க்க வந்த இளைஞர், பேனா போன்ற கருவியொன்றால் சிவப்பு ஒளியை இழைக்குள் செலுத்திவிட்டு விளக்கை அணைக்கச் சொன்னார். பூஜை அலமாரிக்குப் பின்னே, வெள்ளை உறையையும் மீறி, ஓரிடம் குங்குமப்பொட்டுப் போலச் சிவந்து தெரிந்தது. "லைட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கு, அங்கிள். இங்க மடிஞ்சதால வெளிய போயிடுது" என்றார் அவர். கட்டடத்துக்குள் இடுவதற்கென்றே வளைவைத் தாங்கும் இழைகள் உண்டு, 7.5 மில்லிமீட்டர் ஆரம்வரை பொறுப்பவையும் அவற்றுள் இருக்கின்றன. சுவாமி படங்களுக்கு அருகே தொங்குவது அழகாக இல்லையென்று நான் ஆணியடித்து இறுக்கி வைத்திருந்ததோ வளைவு அன்று, மடிப்பு. வெளிச்சம் வரவில்லையென்று காலைமுதல் நிறுவனத்தை நொந்துகொண்டிருந்தவன் நான்தான்.

இப்போது அந்த இழை, அலமாரிக்கு வெளியே, கைவளையின் அளவுக்கு வட்டமிட்டுத் தொங்குகிறது.