மிதிக்கட்டையும் மெட்டும்

ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைக்கும்போது மட்டும் நான் புதுப்பாட்டு போடுவதில்லை. ஒருமுறை போட்டுத்தான் இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தேன். பிறகு அரைமணி நேரம் பிளேடால் தையல் பிரிக்கும் வேலை. புதுப்பாட்டென்றால் காது வரிகளுக்குப் பின்னால் ஓடிவிடுகிறது. நூறு தடவை கேட்ட பழைய இளையராஜா பாட்டில் அந்த வம்பில்லை. அடுத்த வரி தெரியும். அது பாட்டுக்கு அது பாடும், கை பாட்டுக்குக் கை தைக்கும்.

வேலைக்கு எந்தப் பாட்டு ஒத்துவரும் என்ற இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940இல், பிபிசி வானொலி ஆலைத் தொழிலாளர்களுக்கென்றே ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்ற அரைமணி நேர இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. 1967 வரை ஓடியது. கண்ணைச் சொருக வைக்கும் மெதுவான மெட்டுகளைத் தவிர்த்தார்கள். கைதட்டத் தூண்டும் பாட்டுக்கும் தடைதான். கையை எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தால் எந்திரத்தை யார் பார்ப்பது?

மிதிக்கிற மிஷினில் நேர்த்தையல் என்றால் கால் தானாகத் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். கழுத்து வளைவு வந்ததும் கை சக்கரத்தைப் பிடிக்கும், கால் தாளத்தை விட்டுவிடும். பாட்டு காத்திருக்காது. வளைவைத் திருப்பி முடிப்பதற்குள் சரணம் போய்ப் பல்லவி வந்திருக்கும். பாபினில் நூல் தீர்வது மட்டும், எப்படித்தானோ, எனக்குப் பிடித்த இடையிசையில்தான்!

கொக்கி கட்டும்போது மிஷின் சத்தம் இல்லை. ஒலியைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். அப்போதும் பின்னால் ஓடும் ஒற்றை வயலின்கூடத் தனியாகக் கேட்கிறது.