முதுகெலும்பும் மிகுபாரமும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் தலையாயது அகிம்சை. அவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுத்துரைக்கின்றது. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் எளிதில் விலக்கி விடுகின்றோம். நான்காவதாகிய அதிபாராரோபணத்தை மட்டும் வண்டிமாட்டுக்கு உரிய விதியென்று எண்ணி அமைகின்றோம். மனித முதுகெலும்பின் அமைப்பை அறிந்தோர் அவ்வாறு எண்ணார்.

முதுகெலும்பு ஒற்றை எலும்பன்று. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, அதன்கீழ் வளர வளர ஒன்றாய் இணைந்துவிடும் 5, வால்பகுதியில் பெரும்பாலோர்க்கு 4 என 33 முள்ளெலும்புகளால் ஆயது. இத்தொடரின் உள்ளே காக்கப்படும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. முள்ளெலும்புகளுக்கு இடையே, டிஸ்க் என வழங்கும் மெத்தென்ற வட்டுக்கள் 23 உள்ளன. வளர்ந்தோரின் வட்டுக்குள் குருதிக்குழாய்கள் ஏறக்குறைய இல்லை. அது பகலில் பாரத்தால் அமுக்குண்டு நீரை இழக்கும். இரவில் படுத்திருக்கையில் நீரை மீண்டும் ஈர்த்துக்கொள்ளும். காலையில் நம் உயரம் மாலையைவிடச் சிறிது மிகுந்திருப்பது இதனாலேயே. குருதியோட்டம் இன்மையால், சிதைந்த வட்டு எளிதில் சீர்ப்படுவதுமில்லை.

ஆதலின், பாரத்தை ஏற்றி ஓய்வையும் மறுப்பது, அவ்வுறுப்புக்கு நீரைத் தடுப்பதற்கு ஒப்பாகும். நான்காம் அதிசாரம் ஐந்தாவதையும் உடனழைத்து வருகின்றது.

கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்கும் மாங்கனிக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள சாமல்பட்டியிலிருந்து ஓசூர் வரையிலும் உழைத்து வாழ்வோர் பலர். பெரும்பாறையைப் பொறி தூக்குகின்றது. மாங்காய்க் கூடையையும் சிமெண்டு மூட்டையையும் மனித முதுகே தூக்குகின்றது. குனிந்து தூக்குகையில் இடுப்பு வட்டின்மேல் விழும் அழுத்தம், தூக்கும் எடையைக் காட்டிலும் பன்மடங்காகும். ஒருவர் சுமப்பதற்கு 55 கிலோவே மேல் எல்லை எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆண்களுக்குப் பரிந்துரைத்தது. சிமெண்டு மூட்டை 50 கிலோ. நாளொன்றுக்கு அத்தகைய மூட்டைகள் எத்தனை என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

"சுமப்பவர் இசைந்துதானே கூலி பெறுகின்றார்?" எனச் சிலர் வினவலாம். மாட்டுக்கு மறுக்க வாயில்லை. பசித்த இல்லத்தை உடையவர்க்கு வாயிருந்தும் மறுக்க வழியில்லை. மேலும், அசாவதானத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்தலே ஹிம்சை என்கின்றது அச்சூத்திர நூல். அறிந்தும் கருதாமை அசாவதானமே. கூலி அதனைக் கழுவாது.

நின்றே பணிசெய்வோர்க்கும் முதுகு வருந்தும். கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை தரவேண்டுமெனத் தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் கூறுமுன்பே செய்திருக்க வேண்டியவர் விரதம் பூண்டோரே.

நம் வீட்டுக்கு நெல்லோ சிமெண்டோ வந்திறங்கும்போது பாரத்தைப் பகிர்ந்து தூக்க மற்றோர் ஆளை அமர்த்துவோம். இடையே அமரச் சொல்லி நீர் தருவோம். அதற்காகக் கூலியைக் குறையாதிருப்போம். நம் பிள்ளைகளின் புத்தகப் பையையும் ஒருமுறை தூக்கிப் பார்ப்போம். அணுவிரதம் இத்தகைய சிறு செயல்களாலேயே காக்கப்படுகின்றது.