கதவும் பலகையும்

"வயோலாவுக்கு இந்த முறை ரெண்டே ரெண்டு இடமாம், ரீச்சர். என்ரை பிள்ளைக்கு ஒண்டைக் குடு தாயே எண்டு கேட்டா, மற்றப் பிள்ளையளுக்குக் குடுக்காதை எண்டு கேக்கிற மாதிரியெல்லோ?"

என்னிடம் இதைக் கேட்டவர் என் மாணவி ஒருத்தியின் தாய். இசை உயர்கல்லூரி ஒன்றின் நுழைவுச் சோதனைக்கு முதல், ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளுக்கு மகளின் பெயரில் ஒரு நேர்த்தி வைக்க நினைத்திருந்தார். நேர்த்தி வைப்பதில் அவருக்கு ஐயம் இல்லை. என்ன சொல்லி வைப்பது என்பதில்தான் ஐயம்.

ஜேர்மனியின் ரூர் பகுதியில் பல காலமாகப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். அருச்சனைத் தட்டோடு சோதனைக்குப் போகும் குடும்பங்கள் எனக்குப் பழக்கம். கணக்குச் சோதனைக்கோ வாகன ஓட்டுநர் சோதனைக்கோ கும்பிடுவதில் இந்தச் சிக்கல் வராது. அங்கே எல்லோரும் சித்தியடையலாம். அம்பாள் நூறு பேருக்கு அருள் செய்தால் நூறு பேரும் தேறிவிட்டுப் போவார்கள். கலைத் தொழிலின் வாசல் அப்படிப்பட்டதில்லை. நடிப்பு, திரைப்படம், ஓவியம், இசை, எதை எடுத்தாலும் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. ஒரே காலையில் ஒரே இடத்துக்காக இரண்டு தாய்மார் அருச்சனைச் சீட்டு எடுத்தால் அம்பாள் யாருடைய பக்கம்? கேள்வியை ஹம் கோவிலோடு நிறுத்தவும் முடியாது. கொல்ன் பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றும் ஒரு தாயும் அதே இடத்தைத்தான் கேட்கிறாள்.

அந்த வாசல் எவ்வளவு ஒடுக்கமானது என்பதை முதலில் சொல்லவேண்டும். ஜேர்மனியில் அரச இசை உயர்கல்லூரிகள் 24 இருக்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வாத்தியக் குழுக்கள், இரண்டு ஜேர்மனிகளும் இணைந்த பிறகு 1992இல் 168 இருந்தன. இன்று ஏறத்தாழ 130. குழுக்கள் கலைக்கப்பட்டும் இணைக்கப்பட்டும் குறைந்துவிட்டன. கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் இளையவர்கள் குறையவில்லை. கல்லூரிக்குள் நுழைந்தவருக்கும் அடுத்த கதவு காத்திருக்கிறது. டொச்சில் அதை 'புரோபேஷ்பீல்' என்பார்கள், வேலைக்கான வாசிப்புச் சோதனை. சில நிமிட வாசிப்பு, "நன்றி", அவ்வளவுதான். எல்லாச் சுற்றையும் தாண்டி இடத்தைப் பெற்றவருக்கும் பெரும்பாலும் ஓராண்டு தகுதிகாண் காலம் உண்டு. அதன் முடிவில் கூட வாசிப்பவர்கள் வாக்களித்து வைத்துக்கொள்வார்கள் அல்லது அனுப்பிவிடுவார்கள்.

முதல் சுற்றில் திரை கட்டும் வழக்கம் இங்கே இப்போது பரவலாக உண்டு. வாசிப்பவரின் முகமும் நிறமும் பாலும் தெரியாமல் ஒலி மட்டும் கேட்கவேண்டும் என்பதற்காக. இந்தத் திரையின் தேவையை ஜேர்மனிக்கு உறைக்கச் சொன்ன கதை 1980இல் மியூனிக்கில் நடந்தது. அபி கோனன்ட் என்ற அமெரிக்கப் பெண், மியூனிக் பில்ஹார்மோனிக் குழுவின் முதன்மை ட்ரொம்போன் இடத்துக்கு விண்ணப்பித்தார். ஆண் என்று நினைத்து 'ஹேர்' என விளித்து அவருக்கு அழைப்பு அனுப்பினார்கள். திரைக்குப் பின்னால் நின்று வாசித்தார்; 33 பேரில் அவரையே தெரிந்தெடுத்தார்கள். திரை விலகியபோது நின்றது ஒரு பெண். பின்னர் நடத்துனர் செலிபிடாக்கே அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார். கோனன்ட் நீதிமன்றம் போனார். வழக்கு 1990களின் தொடக்கம் வரை இழுபட்டது. வென்றார். ட்ரொசிங்கன் இசை உயர்கல்லூரியில் பேராசிரியராகவும் ஆனார்.

பேர்லினிலும் அதே காலத்தில் ஒன்று நடந்தது. கிளாரினெட் கலைஞர் சபினே மயர் என்ற பெண்ணை நடத்துனர் கரயான் கேட்டும், பேர்லின் பில்ஹார்மோனிக் உறுப்பினர்கள் 73க்கு 4 என்ற வாக்கில் மறுத்தார்கள். அந்த 73 பேரில் ஒருவராவது தன் வாக்கைக் கடவுளின் தீர்ப்பு என்று நினைத்திருப்பாரா? நினைத்திருக்கமாட்டார். ஆனால் வாக்கு வாங்காதவர் வீட்டில், அதுவும் எங்கள் வீடுகளில், அப்படித்தான் நினைக்கிறோம். "அவளுக்குக் குடுத்துவைக்கேல்லை" என்கிறோம். பிள்ளைக்குக் காதில் விழும்படியே சொல்கிறோம்.

இந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

சமூகவியலாளர் மக்ஸ் வேபர் 1904, 1905 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், புரட்டஸ்தாந்து சமயத்தின் ஒரு கிளை தொழிலில் காணும் வெற்றியை எப்படிப் பார்த்தது என்று விளக்கினார். இறைவன் யாரை மீட்பான் என்பது முன்னமே முடிவாகிவிட்டது. அதை மனிதர் மாற்றமுடியாது, அறியவும் முடியாது. அறியமுடியாத அந்தத் தவிப்பில், செய்யும் தொழிலில் காணும் செழிப்பை ஓர் அறிகுறியாகப் பற்றிக்கொண்டார்கள். இன்று அந்தக் கிளையின் மூலவரான கல்வினின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள் அதே நம்பிக்கையை வேறு உடுப்பில் வைத்திருக்கிறார்கள். "திறமை இருந்தால் எப்படியும் வழி திறக்கும்" என்பார்கள். அப்படியானால் வழி திறக்காதவனிடம் திறமை இருக்கவில்லை. வேபரே இதை நம்பவில்லை என்பதை அந்தக் கட்டுரைகளை மட்டும் படித்தவர்கள் கவனிப்பதில்லை. 1917இல் மியூனிக் மாணவர்கள் முன் ஆற்றிய உரையில், பல்கலைக்கழகத் தொழிலில் ஒருவர் மேலே வருவது பெருமளவு சூதாட்டம் போன்றது என்றார். தகுதி குறைந்தவர்கள் ஆண்டாண்டாக உன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தும் உள்ளே கசந்துபோகாமல் இருப்பாயா என்று, வழி கேட்டு வரும் இளைஞனைக் கேட்கவேண்டும் என்றார். கலைத் தொழிலுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதை யாராவது அன்போடு கேட்கவேண்டும்.

எங்கள் பக்கத்திலும் அதே மயக்கம் ஊழ் என்ற பெயரில் வருகிறது. வள்ளுவர் அறத்துப்பாலின் முடிவில் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தார், 38ஆவது. ஊழை விட வலியது எதுவுமில்லை என்று அங்கே சொன்னவர், 62ஆவது அதிகாரத்தில், தளராமல் முயல்பவர் ஊழையும் தோற்கடிப்பார் என்கிறார். இரண்டும் முரண் என்று பட்டிமன்றம் நடத்துவார்கள். எனக்கு முரணாகத் தெரியவில்லை. முதலாவது, பெற்றவன் தலைக்குள் ஏறாமல் இருக்கச் சொன்னது. இரண்டாவது, பெறாதவன் விழுந்து கிடக்காமல் இருக்கச் சொன்னது. நாங்கள் ஆளை மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். சோதனையில் தேறிய பிள்ளைக்கு "உன் முயற்சி" என்றும், தேறாத பிள்ளைக்கு "உன் ஊழ்" என்றும் சொல்கிறோம். இது வள்ளுவருக்குச் செய்யும் அநியாயம். பிள்ளைக்குச் செய்வது அதைவிடப் பெரிய அநியாயம்.

சைவ சித்தாந்தத்தைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தாலும் இந்தக் கணக்கு உடைந்துபோகும். வினை அறிவில்லாப் பொருள், தானாகப் போய் யாரையும் பற்றாது, அறிந்து பலனை ஊட்டுபவன் இறைவன் ஒருவனே என்பது மெய்கண்டார் வழி. அப்படியென்றால் இன்னொருவரின் வினைக்கணக்கைப் படிக்கும் கண் எந்த மனிதருக்கும் இல்லை. வயோலா நடுவர்களுக்கும் இல்லை, உறவுக்காரருக்கும் இல்லை. வினையை நம்புகிறவர்தான் "இது உன் வினை" என்று அடுத்தவரைப் பார்த்துச் சொல்ல முதலில் கூசவேண்டும்.

நுழைவுச் சோதனைக்குப் போகும் மாணவர்களுக்கு நான் சொல்லும் கதை திருமறைக்காட்டுக் கதை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோவில் கதவு. ஊரார் வேறு வழியால் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பரும் சம்பந்தரும் வந்தார்கள். திறக்கப் பாடும்படி சம்பந்தர் அப்பரைக் கேட்டார். அப்பர் பாடினார். கதவு அசையவில்லை. பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடி, கடைசிப் பாட்டில் இறைவனைப் பார்த்து உமக்கு இரக்கம் இல்லையே என்று மனம் நொந்த பிறகே திறந்தது. அடைக்கப் பாடும் முறை சம்பந்தருடையது. அவர் முதல் பாட்டிலேயே கதவு அடைத்துக்கொண்டது.

இதைச் சேக்கிழார் மறைக்காமல் சொல்கிறார் என்பதே எனக்கு வியப்பு. ஒருவர் முதியவர், உடலால் உழைத்து உழவாரம் பிடித்தவர், சூலை நோயும் அரசனின் தண்டனையும் கண்டவர். மற்றவர் பிள்ளை. முதியவருக்கு ஒரு பதிகம் முழுவதும் தேவைப்பட்டது, பிள்ளைக்கு ஒரு பாட்டுப் போதும். அப்பர் அன்றிரவு மனம் வருந்திப் படுத்தார் என்பதையும் சேக்கிழார் விடவில்லை. நாயன்மாருக்கே அந்த வருத்தம் வந்தது என்றால், தேறாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழும் பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து "இதுக்குப் போய் அழுறதோ" என்று கேட்க எங்களுக்கு என்ன உரிமை? கதவு திறக்கத் தாமதித்ததால் அப்பரின் பாட்டைக் குறைந்த பாட்டு என்று தமிழில் யாரும் சொன்னதில்லை. அப்பரும் அத்தோடு பாட்டை நிறுத்தவில்லை. அந்த இரவிலேயே திருவாய்மூருக்குப் போய் அங்கும் பாடினார்.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்னது இது. அருச்சனை செய்யுங்கோ. இடத்தைக் கேட்காதேங்கோ. கை நடுங்காமல் இருக்கக் கேளுங்கோ, பிள்ளை தன் வாசிப்பைத் தான் கேட்கும் அமைதியைக் கேளுங்கோ. இவை அம்பாளிடம் குறையாமல் இருப்பவை. இதே நாளில் வாசிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கேளுங்கோ. அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. "என் மாணவி எல்லோரையும் வெல்லவேண்டும்" என்ற வேண்டுதலை என்னால் கோவில் வாசலுக்குள் கொண்டுபோக முடியாது. அது கெட்ட எண்ணம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எல்லோருக்கும் தாய் என்று நாங்கள் சொல்லும் ஒருத்தியிடம் அதைக் கேட்டால், அவளைத் தாய் என்று சொன்னது பொய்யாகிவிடும்.

வேண்டுதல் அதோடு முடிந்தால் எனக்குப் போதாது. பெரியபுராணத்தில் இன்னொரு இசைக்கலைஞர் இருக்கிறார், திருநீலகண்ட யாழ்ப்பாணர். பாணர் குலத்தவர். மதுரையில் கோவில் வாசலுக்கு வெளியே நின்று யாழ் வாசித்தவரை, இறைவன் அடியார்களின் கனவில் சொல்லி உள்ளே அழைப்பித்தார். தரையில் இருந்து வாசிக்கும்போது, நிலத்தின் ஈரத்தால் யாழின் கட்டுக் குலையும், பொற்பலகை இடுங்கள் என்று வானில் ஒரு குரல் எழுந்தது. கலைஞனை உள்ளே விட்டால் மட்டும் போதாது, வாத்தியம் கெடாமல் இருக்கக் கீழே ஒரு பலகையும் வேண்டும் என்று இறைவனே யோசிக்கிறார். சமயக் கதைகளில் இவ்வளவு நடைமுறை அக்கறை உள்ள இடம் எனக்கு வேறு தெரியாது.

ஜேர்மனியில் அந்தப் பலகையைச் சட்டமாகப் போட்டிருக்கிறார்கள். கலைஞர் சமூகக் காப்புறுதிச் சட்டம் 1981இல் நிறைவேறி, 1983 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. டீட்டர் லாட்மன் என்ற எழுத்தாளர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து இதற்காக உழைத்தார். வில்ஹெல்ம்ஸ்ஹாவனில் உள்ள காப்புறுதி நிதியம் இதை நடத்துகிறது. தனித்துத் தொழில் செய்யும் இசைக்கலைஞர், ஓவியர், எழுத்தாளர், நடனக் கலைஞர் ஆகியோர் ஓய்வூதியம், மருத்துவம், முதுமைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கான பங்கில் பாதியை மட்டும் கட்டினால் போதும். மற்றப் பாதியில், மொத்தத்தின் 30 வீதத்தைக் கலைஞரின் உழைப்பைப் பயன்படுத்தும் பதிப்பகங்களும் அரங்குகளும் நிறுவனங்களும் தருகின்றன. 20 வீதத்தை அரசு தருகிறது. சேர்வதற்குக் கலையால் ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வருமானம் வேண்டும். தொழில் தொடங்கும் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அந்த வரம்பும் இல்லை. இளையவருக்கு முதல் கதவுகள் மூடியே இருக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

கோவிலுக்குப் போகும் பெற்றோர் எத்தனை பேருக்கு இந்த நிதியம் தெரியும்? என் வகுப்பில் கேட்டால் பலர் இப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். "கலை சோறு போடாது" என்று பிள்ளையைத் தடுக்கும் அப்பா, அந்தச் சோற்றுக்கு இங்கே யார் எவ்வளவு பங்கு தருகிறார் என்று அறிந்த பிறகு தடுக்கட்டும்.

யாழ்ப்பாணர் கதை மதுரையோடு முடியவில்லை. அவர் திருவாரூர் போனபோது, அவர் உள்ளே வர வடதிசையில் வேறொரு வாயிலை இறைவன் அமைத்தார் என்கிறார் சேக்கிழார். இருக்கும் வாசலால் ஏன் வரமுடியவில்லை என்ற கேள்வி அந்த வரியில் இன்றும் சுடுகிறது. குலத்தின் பெயரால் மனிதர் அடைத்த வாசல் அது. இறைவன் அடைத்ததாகக் கதையில் எங்கும் இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கும் இங்கே அப்படி ஒரு வாயில் வேண்டியிருக்கிறது. என்னிடம் கர்நாடக வயலின் ஆழமாகப் படித்த பிள்ளை, இசையையே தொழிலாக எடுக்க விரும்பினால், பாக்கும் மொசார்ட்டும் புதிதாகத் தொடங்கவேண்டும். ஐந்து வயதில் தொடங்கியவர்களோடு போட்டிக்கு நிற்கவேண்டும். தொடக்கத்தில் சொன்ன மாணவி வயோலாவுக்குப் போனதும் அதனால்தான். துருக்கியச் சமூகம் இந்த இடத்தில் எங்களுக்கு முன்னே போய்விட்டது. பாலாமா என்ற அவர்களுடைய நரம்பு வாத்தியம் 2013இல் பேர்லினில் ஆண்டின் வாத்தியமாக அறிவிக்கப்பட்டது. 2015 முதல் மன்ஹைம் பொப் இசைக் கல்லூரியில் உலக இசைக்கான பட்டப்படிப்பு நடக்கிறது. பாலாமாவை முதன்மை வாத்தியமாக எடுத்து அங்கே படிக்கலாம். வானிலிருந்து குரல் வந்து இது நடக்கவில்லை. இசை ஆசிரியர்களும் சங்கங்களும் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள்.

பெரிய மண்டபம் எடுத்து அரங்கேற்றம் செய்யும் வல்லமை எங்களிடம் இருக்கிறது. ஹம் தொழிற்பேட்டையில் 17 மீட்டர் கோபுரம் எழுப்பி 2002இல் குடமுழுக்கும் கண்டோம். வயலினுக்கும் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஓர் உயர்கல்லூரி வாசலைக் கேட்க இந்தப் பலம் போதும். பெற்றோர் சிலரோடு சேர்ந்து எங்கள் மாநிலக் கல்வி அமைச்சுக்கு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் இரண்டு கோரிக்கைகள். எங்கள் வாத்தியங்களை முதன்மை வாத்தியமாக ஏற்கவேண்டும். அந்த இசையைப் பாடமாகக் கற்ற ஒருவர் நடுவர்களில் இருக்கவேண்டும். முதலாவதைப் பேசித் தீர்க்க நேரம் எடுக்கும். இரண்டாவதில் நாங்கள் ஒன்றும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.