ஊசியும் உரிமையும்

வாசலில் பழைய தகரத்திலே துளசியும் கற்பூரவல்லியும் வளர்ப்பதும், கந்தைத் துணியால் குழந்தைக்குப் பொம்மை தைப்பதும் மாதர்க்கேற்ற பொழுதுபோக்கு என்பார் பலர். அந்தப் பொழுது யாருடையது என்று கேட்பார் சிலரே.

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய முதலிய நாட்டு மாதர், ஒட்டுத்துணிப் போர்வைகள் மூன்று தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். அவற்றில் தைத்தவர் பெயர்கள். போர்வைகள் மருத்துவமனைக்குச் சென்றன. பிரித்து வைக்கப்பட்ட கணவன்மார், தம் மனைவியர் உயிரோடிருப்பதை அப்பெயர்களால் அறியலாமன்றோ!

சிறைக்குள்ளேயும் அம்மாதர் தம் விருப்பினால் ஊசி எடுத்தனர். ஆகவே அது உரிமையின் செயலாயிற்று. நம் இல்லங்களிலோ பூட்டில்லை. எனினும், தோட்டத்திலோ அலுவலகத்திலோ உழைத்துத் திரும்பியவள், அடுப்படியிலும் துவைப்பிலும் எஞ்சிய பொழுதையும் இழந்தபின், "பொம்மை தைப்பாய்" என்றால் அது கலையாகுமா? கூலியில்லா வேலை இன்னுமொன்று கூடிற்று, அவ்வளவே.

செடியின் மேலும் ஊசியின் மேலும் குற்றமில்லை. ஆடவரே, வீட்டு வேலையிற் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். மிஞ்சும் பொழுதில் அவள் தைக்க விரும்பின் தைக்கட்டும். சும்மாயிருக்க விரும்பின் இருக்கட்டும். அதற்கே பொழுதுபோக்கு என்று பெயர்.